கேக் வெட்டுறதுக்குள்ள நிலாவுல இறங்கணும்!

"யூனிகார்ன் என்னங்க வேலை செய்யும்?"

விளையாட்டாகக் கேட்கவில்லை, விளையாட்டுக்காகக் கேட்கிறேன். ஆனாலும் பிறந்தநாள் வீட்டு அம்மாக்கள் திகைத்துத்தான் போகிறார்கள். ஊதாவும் ரோஸுமாகப் பலூன் வளைவுக்குச் சொல்லியாகிவிட்டது. கேக்கின் மேல் கொம்பு சாயாமல் நிற்கும் என்று பேக்கரிக்காரர் சத்தியமே செய்திருக்கிறார். பாப்பாவின் கவுன் சென்னையிலிருந்து பஸ் ஏறிவிட்டது. விளையாட்டு? "அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே, அக்கா!"

இருக்கிறேன், இருக்கிறேன். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் தெரிந்தவர், சொந்தக்காரர் வீட்டுப் பிறந்தநாள் என்றால் கழுத்தில் விசிலும் தோளில் கோணிப்பையுமாக வந்து நிற்கிற ஆள் நான்தான். மண்டபத்தில் நீங்கள் பார்ப்பது ஒரு மணி நேரக் கூச்சல். அதற்கு முந்தைய நாட்களில் எங்கள் வீட்டு ஹாலில் நடக்கிற கூத்து இருக்கிறதே, அது வேறு ரகம். வாங்க, காட்டுகிறேன். செருப்பை வாசலில் விடுங்கள். தரையில் சாக்பீஸ் கோடு போட்டிருக்கிறது, மிதிச்சிடாதீங்க, அதுதான் செஞ்சிக்கோட்டை.

தீம் என்றாலே சுவரில் படம் ஒட்டுவது என்று ஆகிவிட்டது. ஸ்பைடர்மேன் பேனருக்கு முன்னால் மியூசிக்கல் சேர். அடுத்த மாதம் டைனோசர் பேனர், அதே மியூசிக்கல் சேர். டைனோசர் வந்ததும் போனதும் அந்த நாற்காலிகளுக்குத் தெரியவே தெரியாது! அதனால்தான் எந்தத் தீம் சொன்னாலும் முதலில் கேட்டுவிடுகிறேன்: அது என்ன செய்யும்? ரயில் பெட்டி கோக்கும், தடம் மாறும், சிக்னலுக்கு நிற்கும். டோல்கேட் மறிக்கும். கூழைக்கடா மீனை வாய்ப்பையில் அள்ளும். செய்கை ஒன்று கையில் சிக்கினால் போதும், பாதி விளையாட்டு வந்துவிட்டது. யூனிகார்ன் அழகாக நிற்கும். அவ்வளவுதான் அதன் வேலை. அதனாலேயே அதைக் கண்டால் எனக்கு உதறல். (கடைசியில் அதன் ஒரே ஆயுதத்தைப் பிடித்தோம். அட்டையைச் சுருட்டிக் கொம்பாக்கி நெற்றியில் கட்டிவிட்டால், எதிரில் நிற்பவர் எறிகிற வளையங்களைத் தலையை ஆட்டி ஆட்டிக் கொம்பில் வாங்க வேண்டும். திருவிழாவில் சோப்புக்கும் சீப்புக்கும் வளையம் எறிவோமே, அதுதான். சோப்பு மட்டும் இங்கே ஓடி ஓடி வளையத்தைப் பிடிக்கும்.)

மீதிப் பாதிக்கு இணையத்தைத் துழாவ வேண்டியதில்லை. உங்கள் தெருவில் ஒட்டியிருந்த பொங்கல் விளையாட்டுப் போட்டி நோட்டீஸை நினைத்துப் பாருங்கள். சாக்கு ஓட்டம், எலுமிச்சை கரண்டி, உறியடி, கயிறு இழுத்தல், கட்டித் தொங்கவிட்ட பன்னைக் கை படாமல் கடித்தல், கண்ணைக் கட்டிக்கொண்டு படத்துப் பெண்ணுக்குப் பொட்டு வைத்தல், மெதுவாகச் சைக்கிள் ஓட்டுதல். இன்னும் கீழே போனால் பாண்டி, பச்சைக்குதிரை, பல்லாங்குழி, ஆடுபுலி. தேவநேயப் பாவாணர் தமிழ்நாட்டு விளையாட்டுகளைத் திரட்டி 1954-இல் ஒரு புத்தகமே போட்டிருக்கிறார். எலும்புக்கூடு எல்லாம் அங்கே தயாராக இருக்கிறது. தீமின் செய்கையைப் பார்த்து அதற்குப் பொருத்தமான கூட்டை எடுத்துச் சதை பூசுவதுதான் என் வேலை.

ரயிலில் ஆரம்பிப்போம். விழுப்புரத்துப் பிள்ளை ஒன்று ரயில் தீம் கேட்டால் எனக்குத் தலைகால் புரிவதில்லை. ஏன் என்றால் நம்ம ஜங்ஷன் ஒரு சாதாரண ஸ்டேஷனா என்ன? ஐந்து பக்கம் பிரிகிற பாதை! செங்கல்பட்டு வழியாகச் சென்னை, விருத்தாசலம் வழியாகத் திருச்சி, கடலூர் வழியாக மயிலாடுதுறை, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி, அப்புறம் 1879-இல் போட்ட புதுச்சேரிக் கிளை. ஹாலுக்கு மூலை நாலுதானே என்று கவலை வந்தது. மேடைப் படிக்கட்டைப் புதுச்சேரி ஆக்கிவிட்டோம். பாட்டு ஓடும்வரை பிள்ளைகள் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு ஹாலைச் சுற்றி 'சிக்குபுக்கு'. பாட்டு நின்றதும் மைக்கில் அறிவிப்பு: "மயிலாடுதுறை பாசஞ்சர்!" எல்லாரும் கடலூர் மூலைக்குப் பாய வேண்டும். நடுவில் "பிளாட்பாரம் மாற்றப்பட்டுள்ளது" என்று இன்னொரு அறிவிப்பு விழும் பாருங்கள், அப்போது எழுகிற அலறலில் மண்டபத்து மேனேஜரே எட்டிப் பார்ப்பார். பிள்ளைகளைக் கூட்டிவந்த பெற்றோர்தான் அதிகம் சிரிப்பார்கள். அனுபவஸ்தர்கள்!

அதே தீமில் எனக்குச் செல்லம் இன்னொன்று. ஒற்றைத் தண்டவாளப் பாதையில் அந்தக் காலத்தில் டோக்கன் இல்லாமல் ரயில் நகராது. பிரம்பு வளையத்தில் ஒரு பை கட்டி, பைக்குள் டோக்கன் உருண்டையைப் போட்டு வைத்திருப்பார்கள். ஓடுகிற என்ஜினிலிருந்து டிரைவர் கையை நீட்டி ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவார். அந்த வளையம் கையில் இருந்தால்தான் அடுத்த ஸ்டேஷன்வரை தண்டவாளம் அவருடையது. இரண்டு ரயில் எதிரெதிரே முட்டிக்கொள்ளாமல் இருக்க இவ்வளவு எளிமையான ஏற்பாடு. ரிலே ஓட்டத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? ஹூலா வளையத்தைக் கையில் கொடுத்து, ஓட்டத்தை நிறுத்தாமல் கைமாற்ற வேண்டும் என்றேன். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தாத்தா ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, "அப்படி இல்ல கண்ணு, முழங்கையைக் குடுக்கணும், விரலைக் குடுத்தா உடைஞ்சிடும்" என்று செய்து காட்டினார். அன்றைக்கு மைக் என் கையில் இல்லை.

சரி, நிலாவுக்கு வருவோம். விண்வெளித் தீம் என்றால் எல்லா ஊரிலும் வெள்ளி நிறப் பலூனும் ராக்கெட் கேக்கும்தான். ஆனால் விழுப்புரத்துக்கு நிலா மேல் ஒரு தனி உரிமை உண்டே! சந்திரயான்-3 திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல் இந்த ஊர்க்காரர். அப்பா ரயில்வே ஊழியர், படித்ததும் இங்கே ரயில்வே பள்ளியில். 2023 ஆகஸ்ட் 23, மாலை 6 மணி 4 நிமிடத்துக்கு அதன் லேண்டர் விக்ரம் நிலாவில் கால் வைத்தது. நம்ம ஊரில் கேக் வெட்டுகிற நேரம்! இதை விட்டுவிட்டு பேனரில் அமெரிக்க ராக்கெட்டை ஒட்டினால் எப்படி?

சரி, விக்ரம் என்ன செய்தது? மெதுவாக இறங்கியது. ஓட்டம், தாவல், முந்துதல் என்றே போகிற பிறந்தநாள் விளையாட்டுகளுக்கு நடுவில் மெதுவாகச் செய்வதே ஒரு விளையாட்டாகிவிட்டால்? நினைத்ததுமே எனக்குக் கைகால் நிற்கவில்லை. எங்கள் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேரைச் சோதனைக்குக் கூட்டினேன். (எந்த விளையாட்டையும் இவர்கள் ஆடிப் பார்க்காமல் மண்டபத்துக்குக் கொண்டுபோவதில்லை. கூலி: ஆளுக்கு ஒரு குச்சி ஐஸ்.) முதல் யோசனை பிளாஸ்டிக் கவரில் பாராசூட். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஆன்ட்டி, நிலாவுல காத்தே இல்லையே, பாராசூட் எப்படி விரியும்?" அத்தோடு பாராசூட் குப்பைக்கூடையில். அவள் சொன்னது சரிதான். நிலாவில் எதையும் காற்று தாங்காது. விக்ரம் தன் என்ஜின்களைக் கீழ்நோக்கி எரித்துத்தான் வேகத்தைக் குறைத்தது.

பாராசூட்டுக்குப் பதில் காகிதத் தட்டு ஒன்று. நாலு பக்கமும் ஓட்டை போட்டு நாலு நூல். விக்ரமுக்கும் நாலு கால், நாலு என்ஜின். தட்டின் நடுவில் ஓர் எலுமிச்சம்பழம். நாலு பிள்ளைகள் நாலு நூலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பழம் உருளாமல், தரையில் போட்ட வட்டத்துக்குள் தட்டை இறக்க வேண்டும். ஒருவர் அவசரப்பட்டால் தட்டு சாயும். ஒருவர் பயந்தாலும் சாயும். கேட்க எளிது. ஆடிப் பாருங்கள், வியர்த்துவிடும்!

இன்னும் காரம் வேண்டும் போல இருந்தது. விக்ரம் சுமார் 150 மீட்டர் உயரத்தில் சற்று நின்று, கீழே பள்ளம் பாறை இல்லாத இடமா என்று கேமராவால் பார்த்துவிட்டுத்தான் இறங்கியது. எங்கள் வீட்டில் இருக்கிற பழைய வளையல்களை வட்டத்துக்குள் இறைத்தோம். அவையெல்லாம் பள்ளம். தட்டு முழங்கால் உயரத்துக்கு வந்ததும் 'கேமரா'வாக நியமிக்கப்பட்ட ஐந்தாவது பிள்ளை "நில்லு!" என்று கத்தும். நால்வரும் அப்படியே நிற்க, கேமரா மண்டி போட்டுப் பார்த்து "வலது பக்கம் ஒரு அடி" என்று வழி சொல்லும். வளையலைத் தொட்டால் கணக்கில்லை. இதற்குப் பெரியவர்களும் வரிசை கட்டுகிறார்கள். அதிலும் கணவன் மனைவி ஜோடிகள் நூல் பிடித்தால் பழம் உருளும் வேகமே தனி.

உருண்டால்? அங்கேதான் இந்த விளையாட்டின் சூட்சுமம். 2019 செப்டம்பரில் சந்திரயான்-2 தரையிறங்கும்போது தவறியது. நாலு வருஷம் எங்கே பிசகியது, எது எது பிசகலாம் என்று பார்த்துப் பார்த்துத் திருத்தித்தான் அடுத்ததை அனுப்பினார்கள். எங்கள் சட்டமும் அதுவே. பழம் விழுந்த அணிக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு, ஆனால் ஏதாவது ஒன்றை மாற்றிவிட்டுத்தான் வர வேண்டும். நூலைச் சுருக்கலாம், ஆளை இடம் மாற்றலாம், தட்டில் கைக்குட்டை விரிக்கலாம். பிள்ளைகள் வட்டமாகக் குந்திக்கொண்டு குசுகுசுவென்று பேசுகிற அந்த நேரம் இருக்கிறதே, அதைப் பார்க்கத்தான் இந்த வேலைக்கே போகிறேன்.

இப்போது மியூசிக்கல் சேர் மீது எனக்கிருக்கிற பழைய பகையைக் கொட்டிவிடுகிறேன். முதல் சுற்றில் அவுட் ஆவது யார்? கூட்டத்திலேயே சின்னது. அதற்கு மூன்று வயசு, புதுச் செருப்பு, என்ன நடக்கிறதென்றே புரியவில்லை. ஒரு நிமிஷம்கூட ஆடாமல் அம்மா மடிக்குப் போய் செல்போன் கேட்டு அழும். நம்ம ஊர்ப் பிறந்தநாளில் மூன்று வயசும் பதின்மூன்று வயசும் ஒரே தரையில்தான் நிற்கும். வயசு பார்த்து அழைப்பிதழ் கொடுக்கிற வழக்கம் நமக்குக் கிடையாது, வரவும் வேண்டாம். அப்படியானால் 'அவுட்' என்ற சங்கதியையே தூக்கிவிட வேண்டும். ரயிலில் கடைசியாக மூலைக்கு வந்த பிள்ளை வெளியே போகாது, பச்சைக்கொடி வாங்கி கார்டு ஆகிவிடும். அடுத்த அறிவிப்பு அதனுடையது. இப்போது என்ன பிரச்சினை என்றால், எல்லாரும் கடைசியாக வரப் பார்க்கிறார்கள்.

செஞ்சிக்கோட்டைத் தீமில் இந்த 'அவுட்' சிக்கல் என்னை நன்றாகவே சுற்றவிட்டது. ராஜா வேஷம் கட்டுகிற பிறந்தநாள்கள் நிறைய உண்டு. பெரும்பாலும் ஏதோ ஒரு வெளிநாட்டு அரண்மனை, ஏதோ ஒரு இளவரசி. திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடலாம், நிஜக் கோட்டை நிற்கிறது. 1677-இல் சிவாஜி பிடித்தது, முகலாயப் படை ஏறக்குறைய எட்டு வருஷம் முற்றுகையிட்டு 1698-இல்தான் உள்ளே நுழைந்தது, 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. மராட்டியர் கோட்டைகள் என்று சேர்த்த பன்னிரண்டில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை, மூன்றையும் முக்கோணமாக இணைக்கிற மதில்.

மூன்று மலை, முக்கோணம்... உங்களுக்கு எதுவும் தோன்றவில்லையா? எனக்கு இரவு பன்னிரண்டு மணிக்குத் தோன்றியது. ஆடுபுலி ஆட்டம்! மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்து மூன்று புள்ளி, முக்கோணக் கட்டம். அந்தக் கட்டத்தையே ஹால் அளவுக்கு வரைந்து, காய்களுக்குப் பதில் பிள்ளைகளை நிறுத்தினால்? மறுநாள் காலை எங்கள் ஹால் சோபாவெல்லாம் வராந்தாவில்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு: புலி பக்கத்து ஆட்டைத் தாண்டி அதற்கு நேர் பின்னால் இருக்கிற காலிப் புள்ளியில் குதித்தால் ஆடு வெட்டு. எந்தப் புலியும் நகர முடியாதபடி ஆடுகள் கட்டிப்போட்டால் ஆடுகளுக்கு வெற்றி. முற்றுகைக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு உலகத்தில் எங்காவது இருக்கிறதா, சொல்லுங்கள்! ஆனால் மனிதக் காய்களில் ஒரு வில்லங்கம். வெளியே இரண்டு பேர் நின்று யோசித்து நகர்த்தினால், காயாக நிற்கிற பிள்ளைக்குக் கால் வலிக்கும், மூக்கு அரிக்கும், பக்கத்து ஆட்டோடு சண்டை வரும். அதனால் நகர்த்துகிற ஆளை ஒழித்தோம். ஆடுகளே கூடிப் பேசி யார் நகர்வது என்று முடிவெடுக்கட்டும். எதிரணி பத்து எண்ணுவதற்குள் முடிவு வராவிட்டால் முறை போச்சு. புலிகளுக்கும் அதே சட்டம். மூன்று புலிகள் ஒத்துப்போவதும் பதினைந்து ஆடுகள் ஒத்துப்போவதும் எவ்வளவு கஷ்டம் என்று ஐந்து நிமிடத்தில் எல்லாருக்கும் விளங்கிவிடும்.

வெட்டுப்பட்ட ஆடு? கோட்டை அடிவாரத்தில் பெரிய நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது, போனவர்கள் பார்த்திருப்பீர்கள். வெட்டுப்பட்ட ஆடு களஞ்சியத்துக்குப் போகும். அங்கே நாற்காலி போட்டு ஒரு தாத்தாவோ பாட்டியோ உட்கார்ந்திருப்பார். அவர் போடுகிற விடுகதையை அவிழ்த்தால் மறுபடி கட்டத்துக்கு வரலாம். போன முறை உட்கார்ந்த பாட்டி விடுகதைகளை நிறுத்தவே இல்லை. அங்கே கூட்டம் அள்ளிக்கொண்டு, வேண்டுமென்றே புலி வாயில் போய் நிற்கிற ஆடுகளைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

கார் தீமுக்கு மண்டையை உடைத்துக்கொள்ளவே இல்லை. இரண்டு ஊருக்கும் நடுவில் விக்கிரவாண்டி டோல்கேட் இருக்கும்போது என்ன கவலை? இரண்டு பேர் கை கோத்து வளைவாக நிற்க, மற்றவர்கள் அடியில் ஓட, பாட்டு முடிகிற இடத்தில் கை இறங்கி ஒருவரைப் பிடிக்குமே, ஒரு குடம் விளையாட்டு, அதுதான் டோல்கேட்! பாதிப் பேர் முதுகில் டி.என். 32, விழுப்புரம். மீதிப் பாதி டி.என். 16, திண்டிவனம். கேட் விழுந்தால் கட்டணம் ஐந்து புளியங்கொட்டை. புளியமரத்துக்குப் பேர்போன திண்டிவனத்துக்கு வேறு நாணயம் எதற்கு? கைக்குழந்தைகளும் தவழ்கிறவர்களும் இருந்தால் மட்டும் கொட்டையை எடுக்க மாட்டேன், பெரிய வளையல்தான். எதையும் வாயில் போடுகிற வயசு. உடைந்த பலூன் துண்டுகளும் அப்படித்தான், பார்த்ததும் பொறுக்கிவிடுவேன். பலூன் வெடித்துச் சாக்லேட் கொட்டுகிற அந்தச் சடங்கு முடிந்ததும் நான் தரையில் மண்டிபோட்டிருப்பதைப் பார்த்து, சாக்லேட் பொறுக்குகிறேன் என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது.

டைனோசர்! அதைச் சொல்லாமல் விட்டால் எங்கள் அண்ணன் மகன் பேச மாட்டான். "அத்தை, நம்ம ஊர்ல டைனோசர் இருந்துச்சா?" என்று அவன் கேட்டபோது, நான் திருவக்கரையைக் காட்டினேன். மயிலம் தாண்டிப் போனால் தேசியக் கல்மரப் பூங்கா. பிரெஞ்சுக்காரர் சொன்னரா 1781-இலேயே எழுதிவைத்த இடம். மரங்கள் கல்லாகி ஏறக்குறைய இரண்டு கோடி வருஷம். டைனோசர்கள் அழிந்தது ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்னால். அந்த மரத்தில் ஒரு டைனோசரும் முதுகு சொறிந்திருக்க வாய்ப்பில்லை! பையனுக்கு ஏமாற்றம். 2020-இல் பெரம்பலூர் குன்னத்தில் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்து, டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப் முழுக்க ஓடி, கடைசியில் கடல் நத்தை போன்ற அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய படிவம் என்று தெரிந்த கதையையும் சொன்னேன். அதில் அவன் தேறிவிட்டான்.

கல்மரம் என்ன செய்தது? வெள்ளத்தில் உருண்டு வந்தது, மணலில் புதைந்தது, கல்லானது. திருவக்கரையில் கிடக்கிற மரங்களுக்குக் கிளையும் இல்லை, வேரும் இல்லை. எங்கோ முளைத்து ஆறு அடித்துக்கொண்டு வந்தவை. மூன்று செய்கை, மூன்று கட்டம். நீலப் புடவையை விரித்து ஆறு என்போம். கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு (கிளை கூடாது!) பிள்ளைகள் அதில் உருண்டு வர வேண்டும். விசில் அடித்தால் மஞ்சள் போர்வை மேலே விழும், மணல். இரண்டாவது விசிலுக்குப் போர்வை விலகும், எல்லாரும் கல். இனி அசையக் கூடாது. ஆராய்ச்சியாளர் இருவர் வந்து தட்டிப் பார்ப்பார்கள், முறைப்பார்கள், காதில் ஊதுவார்கள். சிரித்த கல் அடுத்த ஆராய்ச்சியாளர். பட்டுப்பாவாடைக்கும் நெட் கவுனுக்கும் இந்த ஆட்டம் ஆகாது. அதனால் அம்மாக்களுக்கு முதல்நாளே வாட்ஸ்அப் போய்விடும்: உருள்கிற உடுப்பில் அனுப்பவும்.

பறவைத் தீம் கேட்டு இதுவரை யாரும் வரவில்லை. ஆனால் எல்லாம் தயார். நம்ம பக்கத்துக் கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாக 2021-இல் அறிவித்ததிலிருந்து காத்திருக்கிறேன். ஒற்றைக்காலில் நிற்கிற பூநாரைக்கு நொண்டி, வேடந்தாங்கல் கரண்டிவாயனுக்கு எலுமிச்சை கரண்டி. பெயரிலேயே கரண்டி வைத்திருக்கிற பறவை! யாராவது ஒரு பிள்ளை கேளுங்களேன்.

மண்டபத்துச் சமாச்சாரம் கொஞ்சம். விளையாட்டு கேக்குக்கு முன்னால்தான். கேக் வெட்டியதும் பப்ஸ் வரும், பப்ஸ் வந்ததும் பெரியவர்கள் ரிட்டர்ன் கிஃப்ட்டைப் பார்த்துவிட்டு பஸ்ஸைப் பார்ப்பார்கள். விதியை ஒரே மூச்சில் சொல்ல முடியாவிட்டால் அந்த விளையாட்டே வேண்டாம். டைல்ஸ் தரையில் தண்ணீர் ஆட்டம் கிடையாது. உறியடிக்குக் கம்பு தர மாட்டேன், செய்தித்தாள் சுருள்தான். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாலை வகுப்பு எடுத்த தன்னார்வலர்களைத்தான் தேடுவேன். அந்தத் திட்டம் 2021 அக்டோபர் 27-இல் தொடங்கியதே நம்ம மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான். பள்ளி விட்டு வந்து களைத்துக் கிடக்கிற பிள்ளைகளை ஆட்டமும் பாட்டுமாக உட்காரவைத்துப் பழகியவர்கள், முப்பது பேர் கூச்சலில் அசர மாட்டார்கள். பலரிடம் நான் விளையாட்டு திருடியிருக்கிறேன்.

ஐயோ, போன். திண்டிவனம். அடுத்த ஞாயிறு, பெப்பா பிக். அது என்ன செய்யும் என்று நான் கேட்பதற்குள், அந்தப் பக்கத்திலிருந்து பிறந்தநாள் பிள்ளையே பிடுங்கிப் பேசுகிறது: "சேத்துல குதிக்கும்!" ஆகா, செய்கை தானே தேடி வருகிறது! ஆனால் மண்டபத்தில் சேறா? மேனேஜர் என்னைத் தூக்கி வெளியே எறிவார். சேறு வேண்டாம், சத்தம் போதும். பிரிட்ஜ் வந்த பெட்டியில் சுற்றியிருந்த குமிழ்த்தாள் பரணில் கிடக்கிறது. தரையில் விரித்து, மேலே பழுப்பு நிறப் பழைய போர்வை, ஓரத்தை டேப் போட்டு இறுக்கி... நகருங்க, நகருங்க, நான் முதலில் குதிக்கிறேன். பட்! பட பட பட்! சோதனைக்குழு முழுசாக ஏறிவிட்டது. கீழ் வீட்டுக்காரர் படியேறி வந்து, "என்னம்மா, தீபாவளியா?" என்கிறார். அவர் பின்னால் வந்த பேத்தி ஏற்கெனவே செருப்பைக் கழற்றிவிட்டாள்.